குவாலிட்டி அப்ரண்டிஸ் வேலை: பார்ட் தப்பா, ரீடிங் தப்பா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி ஃபேன் ஓடுது, சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஆஃப் பண்ணா நான் பேச மாட்டேன், வேர்த்துடும்.

குவாலிட்டி அப்ரண்டிஸ்னா வேர்னியரும் கையுமா உக்காந்து அளக்கணும், அளவு சரியா இருந்தா அனுப்பணும், இல்லேன்னா சிவப்பு டேக் கட்டணும், அவ்வளவுதானேன்னு கேக்குறாங்க. அளக்கிறது இருக்கு. ஆனா என்னைக் கேட்டா, "இந்த ரீடிங்கை நம்பலாமா?"ன்னு கேக்கப் பழகுறதுதான் வேலையே. பார்ட்டைக் குத்தம் சொல்றது அப்புறம்.

ஒரு கணக்கு சொல்றேன். அலுமினியம் பார்ட், அளவு 100 மில்லிமீட்டர், டாலரன்ஸ், அதாவது கூடக் குறைய இருக்கலாம்னு விட்டிருக்கிற அளவு, பிளஸ் ஆர் மைனஸ் 0.02. மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோட ஆபரேட்டர் அண்ணன் மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்குறார். 100.010. ஓகே. அதே பார்ட் கொஞ்ச நேரம் கழிச்சு சி.எம்.எம். ரூமுக்கு, அதாவது கோஆர்டினேட் மெஷரிங் மெஷின்ங்கிற அளக்குற மெஷின் இருக்கிற ரூமுக்கு வருது. 99.976. ரிஜெக்ட்! இப்போ சண்டை ஆரம்பம். "உன் மெஷின் சரியில்ல", "உன் கை சரியில்ல"ன்னு.

ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைங்க. 100 மில்லிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடானா கிட்டத்தட்ட 2.3 மைக்ரான் நீளும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு). பார்ட் 35 டிகிரில இருந்திருக்கு, ரூம் 20 டிகிரி. 15 டிகிரி வித்தியாசத்துக்கு 34 மைக்ரான் போயிடுச்சு. ஸ்டீலா இருந்தா இதுல பாதிதான்.

ட்ராயிங்ல போட்டிருக்கிற அளவு, வேற எதுவும் சொல்லலேன்னா, 20 டிகிரி செல்சியஸ்ல இருக்க வேண்டிய அளவு. 1931லயே உலக அளவுல இதை முடிவு பண்ணிட்டாங்க. ஐ.எஸ்.ஓ. 1ன்னு இருக்கே, அந்த முதல் நம்பர் தரநிலையே இதைப் பத்திதான். அதனால பார்ட்டை ஆற விடுங்க. அவசரம்னு ஷிஃப்ட் சூப்பர்வைசர் வந்து நிப்பார், நிக்கட்டும்.

அடுத்தது கை. மைக்ரோமீட்டர் முனையில டிக் டிக்னு சுத்துற ராட்செட் எதுக்கு இருக்கு? எல்லாரும் ஒரே அழுத்தத்துல அளக்கத்தான். அதை விட்டுட்டு திம்பிளை, அதாவது அளவுக்கோடு போட்ட சுத்துற உருளையைப் பிடிச்சு இறுக்கினா நமக்கு வேணுங்கிற ரீடிங்கை வரவழைச்சிடலாம். ஜீரோ பாக்காம ஆரம்பிக்காதீங்க, அளக்குற முகத்துல எண்ணெய் இருந்தா துடைங்க. இதெல்லாம் தெரிஞ்சதுதானேம்பீங்க. தெரியும், செய்ய மாட்டோம்.

இந்தச் சந்தேகத்தையே ஒரு முறையா செய்யறதுதான் கேஜ் ஆர் அண்ட் ஆர். கேஜ்னா அளக்குற கருவி; ஒரே ஆள் திரும்ப அளந்தாலும், வேற ஆள் அளந்தாலும் அதே ரீடிங் வருதான்னு பாக்குற சோதனை இது. வழக்கமா 10 பார்ட், 3 பேர், ஆளுக்கு 3 தடவை, மொத்தம் 90 ரீடிங். யார் என்ன எழுதினாங்கன்னு இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. தன்னோட முந்தின ரீடிங்கையும் பாக்கக் கூடாது. அப்ரண்டிஸை உக்கார வெச்சு எழுத விடுவாங்க, போரடிக்கும். ஆனா ரிசல்ட்டைப் பாருங்க. அளக்கிற முறையால வர்ற சிதறல் மொத்தச் சிதறல்ல 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, 30ஐத் தாண்டினா அந்த கேஜை வெச்சுக்கிட்டு பார்ட்டைப் பத்திப் பேசவே கூடாது. நடுவுல வந்தா வேலையைப் பொறுத்து முடிவு பண்ணுவாங்க. ஒரே ஆளுக்கே மூணு தடவையும் மாறி மாறி வந்தா கேஜைப் பாருங்க. ஆளுக்கு ஆள் மாறினா சொல்லிக் குடுத்த முறையைப் பாருங்க.

கோ, நோ-கோ பிளக் கேஜ் பத்தியும் ஒண்ணு. ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்குற உருளை அது; கோ பக்கம் உள்ள போகணும், நோ-கோ பக்கம் போகக் கூடாது. வேகமா பாக்கலாம், ஆனா அளவு டாலரன்ஸுக்கு உள்ளயா வெளியயான்னு மட்டும்தான் சொல்லும். போரிங் பண்ணும்போது, அதாவது ஓட்டையை உள்பக்கமா கடைஞ்சு பெரிசாக்கும்போது, டூல் முனை தேயத் தேய ஓட்டை சின்னதாகிட்டே வரும். கோ கேஜ் சுலபமா உள்ள போயிட்டே இருக்கும், ஒரு பார்ட்ல திடீர்னு நிக்கும். நம்பரா எழுதி வெச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், டூல் மாத்தியிருக்கலாம். அதனால எல்லா பார்ட்டுக்கும் கேஜ் போட்டாலும், நடுநடுவுல ஒண்ணை எடுத்து ஓட்டை விட்டத்தை நம்பராக் காட்டுற போர் கேஜ்ல அளந்து எழுதுறது நல்லது.

அப்புறம் ஆபரேட்டர்கிட்ட பேசுற விதம். சிவப்பு டேக்கை எடுத்துட்டுப் போய் மெஷின் முன்னாடி நீட்டாதீங்க. "அண்ணா, எனக்கு இப்படி வருது, நீங்க ஒரு தடவை பாருங்க"ன்னு பார்ட்டையும் கேஜையும் சேர்த்துக் குடுங்க. அவர் பல வருஷமா அந்த மெஷின் சத்தத்தைக் கேக்குறவர். இன்செர்ட்டை, அதாவது டூல்ல இருக்கிற வெட்டு முனையை, எப்போ மாத்தினார், கூலண்ட் எப்போ குறைஞ்சதுன்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா பார்ட்டை மட்டும் ஹோல்டு ஏரியாவுக்குக் கொண்டு போயிடுங்க, முடிவு தெரியற வரைக்கும் நல்ல பார்ட்டோட கலக்க விடாதீங்க. இதுல தயவு தாட்சண்யமே பாக்க வேண்டாம்.

ரீடிங்கை வரிசையா புள்ளி வெச்சுப் பாக்குற கண்ட்ரோல் சார்ட்டும் இன்னைக்கே பேசலாம்னுதான் நினைச்சேன், ஆனா அது தனி வீடியோ கேக்குது. சராசரியைக் காட்டுற எக்ஸ் பார் சார்ட், சிதறலைக் காட்டுற ஆர் சார்ட் ரெண்டையும் பேப்பர்ல போட்டே காட்டுறேன். சார்ஜ் வேற 4 சதவீதம்தான் இருக்கு, வெச்சிடறேன்.