மந்தாகினிக்கு மிஸ்ர சாப்பு: புது வீடியோ எப்படி உருவானது?

வணக்கம். பழைய மௌனப் படம் ஒன்றை வெட்டி, என் சித்தப்பா தவிலில் வாசித்த மிஸ்ர சாப்பு தாளத்துக்கு ஒட்டிய வீடியோ நேற்று இரவே ஏறிவிட்டது, பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்று நிமிடம்தான். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், கேட்கவே கேட்காது.

பாராட்டி எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இன்று என்னைக் கேமரா முன் உட்கார வைத்தது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் ஒரு வீட்டு மாடியில் நண்பர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு பெரியவர், கச்சேரி ஒன்று விடாமல் கேட்கிற நல்ல ரசிகர், "படம் பால்கே எடுத்தது. தவில் உன் சித்தப்பா வாசித்தது. இதில் உன் வேலை என்னம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வடை வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பதிலை இப்போது உங்களிடம் முழுதாகச் சொல்கிறேன்.

படம் 'காளிய மர்தன்'. தாதாசாகேப் பால்கே 1919-இல் எடுத்த மௌனப் படம். அவருடைய முதல் படம் நம் பக்கத்து தாதரில் எடுக்கப்பட்டது, 1913 மே 3 அன்று கிர்காமில் திரையிடப்பட்டது. 'காளிய மர்தன்' அவர் நாசிக்குக்கு இடம் மாறிய பிறகு எடுத்தது. கிருஷ்ணனாக நடித்தது அவருடைய மகள் மந்தாகினி. ஏழு வயதுச் சிறுமி! படம் தொடங்கும்போதே அந்தக் குழந்தையின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டுகிறார்கள். ஒரு முகபாவம், அடுத்த முகபாவம், இன்னொரு முகபாவம். கதை இன்னும் தொடங்கவில்லை, வெறும் முகம். முதல் முறை பார்த்தபோதே இதற்குத் தாளம் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

படத்தின் பிற்பகுதியில் ஆற்றுக்குள் காளியனோடு சண்டை. கரையில் ஊரே கூடி நின்று தவிக்கிறது. பால்கே தண்ணீருக்குள்ளும் கரைக்குமாக மாற்றி மாற்றி வெட்டுகிறார். நான் அந்தக் கரைக் கூட்டத்தை மட்டும் உருவி எடுத்தேன். அதற்கு நடுவே முகப்பில் வரும் மந்தாகினியின் முகங்களை வைத்தேன். பால்கேயின் படத்தில் அந்த ஜனங்கள் பார்ப்பது ஆற்றை. என் வீடியோவில் அவர்கள் பார்ப்பது ஒரு சின்னப் பெண்ணின் நடிப்பை. அவள் சிரித்தால் அவர்களுடைய பதைப்பு வியப்பாகிறது. அவள் கோபப்பட்டால் அதே ஆட்கள், அதே ஷாட், பயந்து நிற்கிறார்கள். ஒரு ஃபிரேம்கூட நான் படம் பிடிக்கவில்லை, ஆனால் இந்தக் காட்சி நேற்று வரை எங்குமே இல்லை. பெரியவர் கேட்ட என் வேலை இதுதான்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரே நடிகனின் ஒரே முகத்தை சூப்புக் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டி, பார்ப்பவர்களுக்கு அந்த முகம் மாறுவதாகத் தோன்றும் என்று சொல்லி நூறு ஆண்டு ஆகிறது. நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர் 1936-இல், யாரோ எடுத்த ஹாலிவுட் படம் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, பெரும்பாலும் கதாநாயகியை மட்டும் வைத்துக்கொண்டு, நீல வடிகட்டி வழியாக, மௌனப் பட வேகத்தில் ஓட்டி, பிரேசில் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். பார்வையாளர்களில் ஓவியர் சல்வடோர் டாலி இருந்தார். தன் மனத்தில் இருந்த யோசனையைத் திருடிவிட்டதாகக் கத்தி, புரொஜெக்டரைத் தள்ளிவிட்டார்! ஒட்டுவேலையில் படைப்பே இல்லை என்றால் டாலிக்கு எதற்கு அத்தனை கோபம் வந்தது?

கார்னெலைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது, வேகத்தைப் பற்றிச் சொல்லாமலே தாண்டிவிட்டேன். அதுதான் என் உயிரை வாங்கியது. மௌனப் படங்களைக் கைப்பிடியைச் சுழற்றி எடுத்தார்கள், விநாடிக்குச் சுமார் 16 ஃபிரேம். இப்போது ஓடுவது 24. மாற்றாமல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். எல்லோரும் ஓடிப்போய் ரயில் பிடிப்பதுபோல் இருக்கும். பழைய படம் என்றாலே அப்படித்தான் துள்ளும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மந்தாகினி துள்ளவே இல்லை, நிதானமாக நடித்திருக்கிறாள்! மென்பொருளில் வேகத்தைக் குறைத்தால் அது இடையில் புது ஃபிரேம்களைத் தானே தயாரித்து நிரப்புகிறது. கண் இமைக்கும் இடத்தில் மூன்றாவது இமை ஒன்று மிதக்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரண்டு முறை வைத்தேன். 16 சரியாக 24 ஆகிறது. அப்போதுதான் அவள் முகம் மூச்சு விட்டது.

இனி தாளம். சித்தப்பா செம்பூரில் இருக்கிறார், பழைய வீடியோவில் அவருடைய தவிலைப் பார்த்திருக்கிறீர்கள், வலந்தலைத் தோல், அதாவது வலப்பக்கத் தோல், மாற்றிய வீடியோ. அவரிடம் நான் கேட்டது மிஸ்ர சாப்பு. தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. ரீமிக்ஸ் வீடியோக்கள் எல்லாம் நான்கு நான்காகவே வெட்டப்படுகின்றன. அடுத்த வெட்டு எங்கே விழும் என்று கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதோடு ஒவ்வொரு அடிக்கும் வெள்ளை மின்னல், திரை குலுக்கல், முகத்தின் மேல் திடீர் ஜூம். எனக்கு இது அறவே பிடிக்காது. அது படத்தைப் பார்த்துச் செய்யும் வேலையே இல்லை. வார்ப்பு தயாராக இருக்கிறது, எந்த நடிகரை ஊற்றினாலும் ஒரே பணியாரம்தான்.

ஏழில் அப்படி நடக்காது. ஒரு மாத்திரைக்கு, அதாவது அந்த ஏழில் ஒன்றுக்கு, 6 ஃபிரேம் என்று கணக்குப் போட்டேன். தகிட 18, தகதிமி 24. மந்தாகினியின் முகத்துக்குக் குறைவான இடம், கூட்டத்துக்கு அதிகமான இடம். முகம் சட்டென்று வந்து போகும், கூட்டம் அதை வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் சித்தப்பா மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை வைத்து வாசிப்பவர் அல்லர், மனிதர்! சூடு பிடித்ததும் காலம், அதாவது வாசிக்கும் வேகம், மயிரிழை கூடுகிறது. ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் என் 18 நழுவி 17 ஆகிறது. காலத்தைச் சீர்ப்படுத்தும் கருவி இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். தொடமாட்டேன். அந்த மயிரிழைதான் வாசிப்பு. அடிக்கு அடி காதால் கேட்டு, கையால் வெட்டினேன். வெட்டு அடியின் மேலேயே விழுந்தால் தாமதமாகத் தெரிகிறது என்பதையும் அதில்தான் கற்றேன். ஒரு ஃபிரேம் முன்னால் வைத்தால் கச்சிதம்.

கேபிள் கதை! அதைச் சொல்லாமல் விட முடியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படம் திக்கித் திக்கி வந்தது. ஒரு மாலில் ஒரு கடையில் காட்டினேன், டிஸ்க்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேபிளைப் பற்றிக் கேட்டபோது 1,200 ரூபாய். ஒரு கேபிளுக்கு! நேராக மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் சாலைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டிக்கடைக்காரர் என் பழைய கேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது சார்ஜ் மட்டும் ஒழுங்காக ஏற்றும் ரகம், தரவுக்கு ஆகாது என்றார். வேறொன்றை எடுத்து அங்கேயே மாட்டி, ஒரு பெரிய கோப்பை ஏற்றிக் காட்டினார். 350 சொன்னார், 280-க்கு முடித்தேன். இப்போது எடிட்டிங் டைம்லைன் வெண்ணெய்போல் ஓடுகிறது. மாலில் கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை! நகரத்தில் எனக்குப் பிடித்த சாலை எது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கலாமே என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1964 வரை வெளியான படங்கள் உரிமைக்காலம் முடிந்தவை. ஒலிப்பதிவுக்கும் அதே 60. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. அவற்றை உருவாக்கியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார், அவர் வரிகள் 2041 முடிய உரிமையுள்ளவை. எம்.எஸ்.வி. 2015-இல் மறைந்தார், அவர் மெட்டு 2075 வரை. படம் விடுதலையானாலும் அதற்குள் இருக்கும் பாட்டு விடுதலையாகவில்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்த மரியாதை சேர வேண்டியதுதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆகவேதான் 1919-இன் மௌனப் படம், ஆகவேதான் சித்தப்பாவின் தவில். அவரிடம் சம்மதக் கையெழுத்தே வாங்கிவிட்டேன். சொந்தச் சித்தப்பாவிடம் எதற்கு என்று அம்மா கோபித்துக்கொண்டார். வாசித்தவர் யாராக இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, வண்ணம் ஏற்றச் சொல்லி எழுதியவர்களுக்கு: மாட்டேன். கீறல்களையும் துடைக்கமாட்டேன்.

தவில் ஒலிப்பதிவை, சித்தப்பாவின் சம்மதத்தோடு, வெட்டாமல் முழுதாகக் கீழே வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், உரிமைக்காலம் முடிந்த எந்தப் படத்தையாவது அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு நிபந்தனை: அவர் பெயரைப் போட வேண்டும், காலத்தைச் சமப்படுத்தக் கூடாது. செய்தவர்கள் இணைப்பை அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் வெட்டு வெட்டாக நிறுத்திப் பேசுவோம். அந்தப் பெரியவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.