சொந்த டொமைன் மெயில் ஏன் ஸ்பேமில் போய் விழுகிறது?

[திரையில்: ஸ்பேம் ஃபோல்டர். நடுவில் ஓர் இன்வாய்ஸ் மெயில்.]

சொந்தமாக டொமைன் வாங்கி, அதில் மெயில் முகவரியும் வைத்தாயிற்று. இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள், பதிலே இல்லை. போன் செய்து கேட்டால் "எதுவும் வரலையே" என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் ஸ்பேமில் கிடக்கிறது.

உடனே எல்லோரும் கை வைப்பது சப்ஜெக்ட் வரியில்தான். 'இலவசம்' என்ற சொல்லை எடுப்பார்கள், ஆச்சரியக்குறிகளைக் குறைப்பார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் சாதாரண இன்வாய்ஸே ஸ்பேமுக்குப் போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுத்தை அல்ல. அதை அனுப்பியது நீங்கள்தான் என்பதற்கு மெயிலில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வந்தது. ஃப்ரம் என்ற இடத்தில் யார் முகவரியை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். அதைச் சரிபார்க்க அந்த முறையில் ஏற்பாடே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும்.

[திரையில்: டிஎன்எஸ் அமைப்புப் பக்கம். ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு.]

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனைப் பற்றிய விவரங்களை யாரும் பார்க்கும்படி வைக்கும் பொதுப் பதிவேட்டில், போடும் ஒரு வரி. "இந்த சர்வர்களிலிருந்து வந்தால் அது என் மெயில்" என்கிற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். நியூஸ்லெட்டர் சேவையில் சேரும்போது அவர்கள் கொடுத்ததைத் தனி வரியாகச் சேர்த்துவிட்டால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே நுழைக்க வேண்டும். அதைப் படிக்கும்போது நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது. விட்டுப்போன சேவைகளை அவ்வப்போது நீக்குங்கள்.

டிகிம் ஒரு டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி அனுப்பும் சர்வரில், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில். இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு: சில டிஎன்எஸ் பக்கங்கள் ரெக்கார்டின் (நீங்கள் சேர்க்கும் வரியின்) பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிவிடும். நீங்களும் முழுப் பெயரைப் போட்டால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும், சாவி யார் கண்ணிலும் படாது.

சரி, இரண்டையும் போட்டாயிற்று, இரண்டும் பாஸ். அப்படியும் ஸ்பேம்! கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

[திரையில்: ஒரு கடித உறை. உள்ளே கடிதம். இரண்டிலும் வெவ்வேறு அனுப்புநர் பெயர்.]

ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. உறைமேல் ஒன்று, உள்ளே கடிதத்தில் ஒன்று. படிப்பவர் பார்ப்பது கடிதத்தில் உள்ள ஃப்ரம். எஸ்பிஎஃப் சோதிப்பதோ உறைமேல் உள்ளதை. வெளிச் சேவை வழியாக அனுப்பும்போது உறைமேல் பெரும்பாலும் அந்தச் சேவையின் டொமைன்தான் இருக்கும். டிகிம் கையெழுத்தையும் அது தன் பெயரிலேயே போட்டிருக்கும். அப்போது பாஸ் ஆனது அவர்கள் டொமைன், உங்களுடையது அல்ல.

டிமார்க் கேட்பது இதைத்தான்: பாஸ் ஆன டொமைனும் ஃப்ரமில் தெரியும் டொமைனும் பொருந்துகிறதா? எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது பாஸாகி, பொருந்தியும் இருந்தால் போதும். என்னைக் கேட்டால் டிகிமைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெயிலை ஒருவர் ஃபார்வர்டு விதி போட்டு வேறு பெட்டிக்குத் திருப்பினால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துபோகும். வழியில் யாரும் மெயிலைத் திருத்தாதவரை டிகிம் கையெழுத்து நிற்கும்.

[திரையில்: கணினியில் ஜிமெயில். அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறி பெரிதாக.]

உங்கள் ஜிமெயில் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். இந்த அம்பை அழுத்தினால் மெயில்ட் பை, சைன்ட் பை என்று இரண்டு வரிகள். முதலாவது உறைமேல் உள்ள டொமைன், இரண்டாவது கையெழுத்துப் போட்ட டொமைன். இரண்டிலும் உங்கள் டொமைன் இல்லையா? அந்தச் சேவையின் அமைப்புகளில் டொமைனைச் சரிபார்க்கும் பகுதி இருக்கும். அவர்கள் தரும் ரெக்கார்டுகளை டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள். இன்வாய்ஸ் மென்பொருள், நியூஸ்லெட்டர், வெப்சைட் என்று எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறதோ, அங்கிருந்தெல்லாம் தனித்தனியாக.

வெப்சைட்டின் தொடர்புப் படிவம் தனி வம்பு. படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே ஃப்ரமில் போட்டு அனுப்பும்படி அமைத்திருந்தால், அது அவர் பெயரில் போகும் போலி மெயில்தான். ஃப்ரமில் உங்கள் முகவரி, ரிப்ளை டூவில் அவர் முகவரி. அவ்வளவுதான்.

டிமார்க்கும் டிஎன்எஸ்ஸில் போடும் ஒரு வரிதான். தேறாத மெயிலை என்ன செய்வது என்ற கொள்கையை அதில் முதலில் 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வையுங்கள். அதிலேயே ஒரு மெயில் முகவரியும் கொடுத்தால், உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வரெல்லாம் மெயில் அனுப்புகிறது என்று அறிக்கை வரும். நீங்களே மறந்துபோன ஏதாவது மென்பொருள் அதில் தலைகாட்டும். அதையெல்லாம் சரிசெய்த பிறகு 'குவாரன்டீன்' (ஸ்பேமில் ஒதுக்கு), அப்புறம் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). எடுத்த எடுப்பிலேயே ரிஜெக்ட் போட்டால் உங்கள் மெயில்களையே நீங்கள் தடுத்துக்கொள்வீர்கள்.

இதெல்லாம் முடித்தால் இன்பாக்ஸ் உறுதியா? இல்லை. ஸ்பேம் அனுப்புகிறவர்களும் இந்த மூன்றையும் ஒழுங்காகப் போட்டுவைக்கிறார்கள். ஆள் யார் என்று தெரிந்த பிறகு, அந்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்ற கணக்கு ஆரம்பமாகும். நேற்று வாங்கிய டொமைனிலிருந்து இன்று ஆயிரக்கணக்கில் மெயில் போனால் எந்த ஃபில்டரும் சந்தேகப்படும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் வேண்டவே வேண்டாம். நியூஸ்லெட்டரை ஒரு சப்டொமைனுக்கு (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்த பெயருக்கு) மாற்றிவிட்டால், அங்கே கெட்ட பெயர் வந்தாலும் இன்வாய்ஸ்கள் ஓரளவு தப்பிக்கும்.

[திரையில்: ஸ்பேம் பட்டன்.]

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. உங்கள் விகிதத்தை கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். குறைவாக அனுப்புபவர்களுக்கு அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும். அவர்கள் நம்ப வேண்டியது முன்பு பார்த்த அம்புக்குறியையும் டிமார்க் அறிக்கைகளையும்தான்.