ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மைக் கட்டித் தந்த தம்பிமாரே, பின்னுக்கு மாமர நிழலில் நின்று எப்படியும் என்னை நக்கலடிக்கப் போகிற பெடியளே, எல்லாருக்கும் வணக்கம். அதிபர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். போன வருசம் அவர் ஐம்பது நிமிடம் பேசினதை நான் இங்கே சொல்ல மாட்டேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

மூன்று விசயம் வைத்திருக்கிறேன்: கேலிக்கு ஆங்கிலச் சொல், சீனச் சொல், நம்முடைய சொல்.

கனடாவிலிருந்து வந்த என் பேரன் பள்ளியில் சீனமும் படிக்கிறான். கையில் ஒரு தாள். இந்தப் பக்கம் மொக், டீஸ், ஸ்னியர். அந்தப் பக்கம் சீனம். ஸ்னியருக்கு லெங்சியாவ், அதாவது குளிர்ந்த சிரிப்பு. சொல்லால் குத்துவதற்குச் சீனச் சொல் "வாகு"; எழுத்தைப் பிரித்தால் தோண்டு, கசப்பு.

அவனைச் சுன்னாகம் சந்தைக்குக் கூட்டிப் போனேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காட்டி, தெரிந்த தமிழில், "இந்த மாமரம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டான். கடைக்காரர் சிரிக்காமல், "வேரோடை பிடுங்கித் தரட்டோ தம்பி, பிளேனிலை ஏத்துவாங்களோ?" என்றார். சந்தையே சிரித்தது, அவனும் சிரித்தான். "அம்மப்பா, இது டீஸா, மொக்கா?" "பகிடியடா" என்றேன். பக்கத்தில் ஒரு அம்மா வாயைக் கோணிக்கொண்டு, "வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு எங்கை தமிழ்? வெயிட் பண்ணுங்கோ, எனக்கு டைம் இல்லை, முதல் என்ரை பில்லைக் குடுங்கோ" என்றார். பேரன் என் காதில் சொன்னான்: "லெங்சியாவ்." ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

சீனத்திலும் அது உண்டு. போரில் ஐம்பது அடி பின்வாங்கி ஓடினவன் நூறு அடி ஓடினவனைப் பார்த்துச் சிரித்தானாம். மென்சியஸ் என்கிற பழைய சீன அறிஞர் ஓர் அரசனுக்குச் சொன்ன கதை.

சரி, நம்முடைய சொல். நகை பிறக்கும் இடம் நான்கு என்கிற தொல்காப்பியம் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. தமிழ்நாட்டில் நளினம் என்றால் நயம், இங்கே யாழ்ப்பாணத்தில் அது கேலி; "என்னை நளினம் பண்ணுறியோ?" என்றால் அடிபிடி. இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறோம்? 1842இல் மானிப்பாயில் அகராதி அச்சடித்த மண் ஐயா இது! அதனால்தான் வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பியை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், பென்சிலும் இருக்கிறது. ஆச்சிமாரிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் ஏழு சொல்தான் விழுந்திருக்கிறது, அதில் மூன்று என்னைப் பற்றியது. தலைவர் மணி அடிக்கிறார், ஆங்கிலச் சொற்களை அடுத்த வருசம் பார்ப்போம்.