பார்கோடு இல்லாத புத்தகங்கள்

(பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்ததோடு தாமும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நூலக ஆட்சிக் குழு உறுப்பினர்களே, முன்னாள் படைவீரர் மன்றத்திலிருந்து வந்திருக்கும் மூன்று பெரியவர்களே, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து நான் பேசுவதையெல்லாம் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உனக்காகக் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன், அம்மா.

எனக்கு முன் பேசிய பொருளாளர் ஐயா என்னைப் 'போர் வரலாற்று அறிஞர்' என்று அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெருந்தன்மை. நான் வாரநாட்களில் கணினி வேலை பார்ப்பவன். சனிக்கிழமை காலைகளில் ஊரார் வீட்டு பேஸ்மென்ட்களில் அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடப்பவன். அப்படி இருபது ஆண்டுகளாகத் தூசி தின்று நான் சேர்த்தவை, அமெரிக்கப் போர் வரலாறு பற்றிய பழைய புத்தகங்கள். அவற்றைப் பற்றி இன்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: எதை வாங்குவது, முதற்பதிப்பை எப்படி அடையாளம் காண்பது, வாங்கியதை எப்படிக் கெடாமல் காப்பது.

முதலில் ஒரு பழமொழி. 'குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது' என்று என் பாட்டி சொல்வாள். அவள் அதைச் சொன்னது என் மாமாவின் வேலையில்லாக் காலத்தைப் பற்றித்தான் என்றாலும், பழைய புத்தகம் சேர்ப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான மந்திரம் வேறில்லை.

எதை வாங்குவது என்பதை நான் கற்றது ஏமாந்துதான். பழையது எல்லாம் அரியது என்று நம்பியிருந்த காலத்தில், ஒரு கடையில் தளபதி யுலிசிஸ் கிராண்ட்டின் தன்வரலாற்றுத் தொகுதிகள் இரண்டையும், பச்சைத் துணி அட்டையில் தங்க எழுத்து மின்னியதைக் கண்டு மயங்கி, 300 டாலர் கொடுத்து வாங்கினேன். உள்நாட்டுப் போரை வென்று இருமுறை குடியரசுத் தலைவராகவும் இருந்தவர், 1884இல் வால் ஸ்ட்ரீட் மோசடி ஒன்றில் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே, குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்று எழுதிய நூல் அது. எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, இறந்துபோனார். வெளியிட்டது மார்க் ட்வைனின் பதிப்பகம். முன்னாள் படைவீரர்கள் வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்த்தார்கள். மூன்று லட்சம் படிகளுக்கு மேல் விற்று, கிராண்ட்டின் மனைவிக்கு ஏறக்குறைய நாலரை லட்சம் டாலர் கிடைத்தது. கண்ணீர் வரவழைக்கும் கதைதான். ஆனால் மூன்று லட்சம் படி விற்ற புத்தகம் எப்படி அரிய புத்தகம் ஆகும்? இந்த மாநிலத்துப் பண்ணை வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் அது இருக்கும் என்று பிறகு வேறொரு வியாபாரி சிரித்துக்கொண்டே சொன்னார். பதிப்பில் எத்தனை படி அச்சானது, அதில் எத்தனை மிஞ்சியது, இந்த இரண்டையும் கேட்ட பிறகுதான் வயதைக் கேட்க வேண்டும்.

அப்படி உண்மையிலேயே அரியதாகிப் போனதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது, வேலி ஃபோர்ஜ் படை முகாமில் 1778ஆம் ஆண்டுக் குளிரில் வாஷிங்டனின் கந்தல் படைக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்த பிரஷ்ய அதிகாரி ஸ்டோய்பன், தம் பயிற்சி முறைகளை ஒரு கையேடாக எழுத, அது 1779இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சானது. தாள் தட்டுப்பாட்டால் நீலத்தாளில் அட்டை போட்டார்கள். அதனாலேயே அதற்கு 'நீலப் புத்தகம்' என்று பெயர். போர்க்களத்துக்குச் சட்டைப்பையில் போன புத்தகம் மழையில் நனையும், சேற்றில் விழும், கிழியும். ஆகையால் மிஞ்சிய படிகள் சிலவே. அதை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஆசைப்படும் அளவுக்கு என் வீட்டுக் கடன் இன்னும் அடையவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றவை வேறு. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சின்னஞ்சிறு நூல்கள் இருக்கின்றன: உயரம் குறைந்து அகலம் கூடி, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சடித்து, பின் அடித்தவை. 1943 முதல் 1947 வரை 1,322 வெளியீடுகள், ஏறக்குறைய 12 கோடிப் படிகள். இதழ்கள் அச்சிடும் எந்திரத்தில், மலிவுத் தாளில், படித்துவிட்டுத் தூக்கிப்போடவே செய்தவை என்பதால் 12 கோடியில் பெரும்பகுதி போன இடம் தெரியவில்லை. இருந்தும் சில டாலருக்குக் கிடைப்பவை இன்னும் உண்டு.

முதற்பதிப்பை அடையாளம் காண்பது தனிப் பயிற்சி. இன்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகவில்லை, பின் அட்டையின் கீழ் மூலையில் விரலால் தடவினால் தெரியும்படி ஒரு சிறு புள்ளியோ சதுரமோ அழுந்தியிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு, அதாவது ஒரு கழகம் தன் உறுப்பினர்களுக்காகத் தனியே அச்சடித்தது. விற்பவர் முதற்பதிப்பு என்று சத்தியம் செய்தாலும் புன்னகைத்துவிட்டு நகருங்கள். மற்ற அடையாளங்களுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு கதை சொல்ல வேண்டும். கிராண்ட்டுக்கு 300 டாலர் அழுத அன்று, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, அந்தக் கடைக்காரர் ஈரம் பட்டு முதுகு வீங்கிய தடிப் புத்தகம் ஒன்றைச் சும்மா கொடுத்தார். 28ஆம் காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த ஒரு ரெஜிமென்ட்டின் வரலாறு, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வீரர்களே தங்களுக்காக அச்சடித்துக்கொண்டது. மட்டமான புகைப்படங்கள், கடைசியில் நாற்பது பக்கம் வெறும் பெயர்கள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன். அந்தப் புரட்டாசியில் கொலு வைத்தபோது ஐந்தாம் படியின் பலகை ஆடியது. என் மனைவி வீடு முழுக்கச் சுற்றி, அந்தப் பலகையின் காலுக்குச் சரியான உயரமாக இதைக் கண்டுபிடித்துக் கீழே செருகிவிட்டாள். தசாவதார செட் அசையாமல் நின்றது. இந்தப் புத்தகத்தால் இந்த வீட்டுக்கு ஆன முதல் பயன் இதுதான் என்றும் சொன்னாள். நான் எதிர்த்துப் பேசவில்லை.

நவராத்திரி ஏழாம் நாள், அடுத்த வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தோம். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற மின்பணியாளர். கையில் சுண்டல் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொம்மையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இது மீன், இது ஆமை, இது பன்றி என்று என் மகள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குனிந்தவர் நிமிரவே இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன். அவர் பார்த்தது வாமனனையும் அல்ல, பரசுராமனையும் அல்ல. பலகைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த புத்தகத்தின் முதுகில் இருந்த சிவப்புச் சின்னத்தை. பென்சில்வேனியா தேசியக் காவல் படையின் வளைவுக்கல் சின்னம் அது, வளைவின் உச்சியில் பொருத்தும் ஆப்பு வடிவக் கல். ஜெர்மானியர் அதைப் பார்த்து 'குருதி வாளி' என்று பெயர் வைத்தார்கள். "அதை வெளியே எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுத்தால் பத்து அவதாரமும் கீழே வரும். நானும் மருமகனும் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, என் மனைவி கல்கி அவதாரத்தை மட்டும் பாதுகாப்பாகக் கையில் எடுத்துக்கொள்ள, அவர் புத்தகத்தை உருவினார்.

உருவியவர் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். மனைவியின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அவருடைய தந்தையின் பெயர், அவர் இருந்த கம்பெனி என்னும் படைப்பிரிவின் எழுத்து, சொந்த ஊர், ஒரே வரியில். 1944 நவம்பரில் ஜெர்மனியின் ஹ்யூர்ட்கன் காட்டில் அந்த டிவிஷன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது; கொல்லப்பட்டவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து. அப்பா அங்கே இருந்தாரா என்று பிள்ளைக்குத் தெரியாது. அப்பா பேசியதே இல்லை. அரசுக்கு எழுதிக் கேட்டதற்குக் கோப்பு எரிந்துவிட்டது என்று பதில் வந்ததாம். நாங்கள் இருவரும் கை கடுக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவரை அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் தாமே பலகைக்கு அடியில் திரும்பச் செருகிவிட்டார். ஆனால் சரஸ்வதி பூஜையன்று அது கீழே இல்லை. பூஜைக்கு வைத்த அடுக்கில், என் மகளின் கணக்குப் புத்தகத்துக்கு மேல், சந்தனப் பொட்டோடு இருந்தது. 'குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது.'

கோப்பு எரிந்தது என்பது சாக்குப்போக்கு அல்ல. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை, மைக்ரோஃபில்மும் இல்லை. மற்ற அலுவலகக் காகிதங்களிலிருந்து துண்டு துண்டாகத்தான் பல வரலாறுகளை மீட்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில், ஊர்ப் பையன்கள் தங்கள் பெயரைத் தாங்களே அச்சடித்து வைத்த ரெஜிமென்ட் புத்தகங்களை வெறும் பழைய புத்தகம் என்று எப்படிச் சொல்வது? எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் இதுதான்: பெயர்ப்பட்டியல் உள்ளதை வாங்குங்கள். முதல் பக்கத்தில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருந்தால், ஒரு பெயருக்கு நேரே சிலுவைக்குறி போட்டிருந்தால், அழிக்காதீர்கள். விலை பார்க்கும் சேகரிப்பாளர்கள் அதைக் குறை என்பார்கள். நான் அதற்காகவே வாங்குகிறேன்.

இந்த இடத்தில் ஆட்சிக் குழு உறுப்பினர்கள் முன்னிலையில், அவர்கள் தந்த அரங்கிலேயே நின்றுகொண்டு, உரிமையோடு ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். நன்கொடையாக வரும் புத்தகங்களைத் தன்னார்வலர்கள் கையால் தரம்பிரிக்கும் அந்தக் கீழ்த்தளத்து அறையை மூடிவிட்டு, வருவதை வந்தபடியே எடைக்கு எடுப்பவரிடம் ஒப்படைப்பது என்று ஒரு யோசனை இருப்பதாக அறிகிறேன். செலவு மிச்சம்; மறுக்கவில்லை. ஆனால் எடைக்கு எடுப்பவர்கள் எப்படித் தரம்பிரிக்கிறார்கள்? பின் அட்டையின் பார்கோடை ஒரு கருவியால் தடவுவார்கள்; கருவி விலை காட்டினால் ஒரு கூடை, காட்டாவிட்டால் காகிதக் கூழாலை. புத்தகத்துக்குச் சர்வதேச எண் கொடுக்கும் முறையே 1970ஐ ஒட்டித்தான் நடைமுறைக்கு வந்தது. பார்கோடு அதற்கும் பிறகு. 1946இல் அச்சான ரெஜிமென்ட் வரலாற்றின் முதுகில் சிவப்புச் சின்னம் இருக்கும், பார்கோடு இருக்காது. கருவிக்குக் குன்றிமணியும் தெரியாது, குப்பையும் தெரியாது. மனிதக் கை ஒன்று அதை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். நம் மாநிலத்துக் கார்லைலில் உள்ள தரைப்படையின் பாரம்பரிய மையம் இத்தகைய நூல்களைப் பெரிய அளவில் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டியது முதலில் நம் ஊர்ப் பெட்டியிலிருந்து தப்பிக்க வேண்டுமே.

தலைவர் அம்மையார் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதன் பொருள் எனக்குத் தெரியும். முதற்பதிப்பின் மற்ற அடையாளங்களுக்கும், காப்பது எப்படி என்ற மூன்றாம் செய்திக்கும் நேரமில்லை. செல்லோடேப் ஒட்டாதீர்கள், பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள், அவ்வளவு போதும் இன்றைக்கு.

ஆட்சிக் குழுவின் அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, இதே கட்டடத்தில், மாடியில். தரம்பிரிக்கும் அறைக்கு வாரம் இரண்டு மணிநேரம் தரக்கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அறையை மூடும் யோசனையை ஒத்திவைக்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் விழா தொடங்குமுன் என்னிடம் சொன்னார். அவர் இப்போது தலையசைப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். பின்னால் காபி மேசையில், டபராக்களுக்குப் பக்கத்தில், ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதல் பெயர் என் மனைவியுடையது, இரண்டாவது அடுத்த வீட்டுக்காரருடையது. பேனா ஒன்றுதான் இருக்கிறது. எழுதியவர்கள் பையில் போட்டுக்கொள்ளாமல் அடுத்தவரிடம் கொடுங்கள். வணக்கம்.