கூட யார் வந்திருக்கீங்க?

நேயர்களுக்கு வணக்கம்.

மனநலப் புறநோயாளிப் பிரிவில் பேர் கூப்பிட்டதும் உள்ளே வரும் பையன் நாற்காலியில் உட்காருவதற்குள் ஒரு கேள்வி வந்து விழும்: "கூட யார் வந்திருக்கீங்க?" கதவோரம் நிற்கும் அம்மா ஓரடி முன்னால் வருவார். கையில் மஞ்சப்பை. பையில் பழைய சீட்டுகள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், சில நேரம் கோயில் விபூதிப் பொட்டலமும் இருக்கும்.

மனநல சமூகப்பணியாளராக நானும் இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வழக்கமாகக் கேட்பதுதானே என்று இருந்தேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது, சென்னையையும் கனடாவின் மான்ட்ரியலையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் உறைத்தது.

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை ஸ்கார்ஃப் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். அவர்களும் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு இது. முதல் முறையாக மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்க்கு ஆளான இளைஞர்கள் சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். இரண்டு ஊரிலும் இரண்டு வருடம் ஒரே மாதிரியான சிகிச்சை: மருந்து, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்துக்கொள்ள ஒரு பணியாளர், குடும்பத்தாருக்கு நோயைப் பற்றிய விளக்கம். இதில் எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்று பார்த்தார்கள். மான்ட்ரியலில் 100க்கு 19 பேர். சென்னையில் 100க்கு 1.

எண்ணைப் பார்த்ததும் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "நம்ம குடும்பம், நம்ம பாசம்" என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கத் தோதான எண். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சென்னையில் குடும்பத்தார் மருத்துவக் குழுவோடு அதிகமாகத் தொடர்பில் இருந்தார்கள், சரி. மான்ட்ரியலிலும் யாருடைய குடும்பம் தொடர்பை விடாமல் இருந்ததோ, அந்த இளைஞர்களே சிகிச்சையிலும் நிலைத்தார்கள். அப்படியானால் தமிழ் ரத்தம், கனடா ரத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரோ ஒருவர் கூட வருகிறாரா, அவரை உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்களா என்பதே பார்க்க வேண்டியது.

நோய் எவ்வளவு குணமானது என்று கேட்பீர்கள். குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்றவை இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் அடங்கின. பேச்சு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் மூலையில் முடங்கிக் கிடப்பது இருக்கிறதே, அதில்தான் சென்னைப் பிள்ளைகள் கூடுதலாகத் தேறினார்கள். எனக்கு இது ஆச்சரியமில்லை. நம் வீடுகளில் முடங்கிக் கிடக்க விடமாட்டார்கள். "எழுந்து குளிடா", "கடைக்குப் போய் ஒரு தயிர் பாக்கெட் வாங்கிட்டு வா" என்று விரட்டிக்கொண்டே இருப்பார்கள். இது என் ஊகம்தான், ஆய்வு தயிர் பாக்கெட்டைக் கணக்கெடுக்கவில்லை!

குடும்பத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவரும் யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். மனநல மருத்துவமனை என்றால் ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது என்றிருந்த காலம் அது. நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் முறை வெகுகாலமாக இருக்கிறது.

இப்போது என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். கூட வருகிறவரை நாம் எங்கே எழுதுகிறோம்? சீட்டில் ஒரே ஒரு பேர்தான். அந்த அம்மா விடியற்காலைப் பேருந்து பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அவருக்குத் தூக்கம் இருக்கிறதா, அவருக்கே ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்க அந்தச் சீட்டில் இடமில்லை. ஒருமுறை ஓர் அம்மாவிடம், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று சும்மாதான் கேட்டேன். பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடமாக யாருமே கேட்காத கேள்வியாம். சிகிச்சையில் பாதி வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவரை 'அட்டெண்டர்' என்று எழுதிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுகிறோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை இளைஞர்கள் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காதலைப் பற்றிப் பேச முடியாது, குடியைப் பற்றிப் பேச முடியாது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்பதை நிச்சயமாகப் பேச முடியாது. ஆகவே முதல் பத்து நிமிடம் பையனோடு அல்லது பெண்ணோடு தனியாக, அப்புறம் எல்லோரும் சேர்ந்து, கடைசியில் பெற்றோரோடு கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். நூறு பேர் வெளியே காத்திருக்கும்போது இது எப்போதும் நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு நல்ல வழி செய்திருக்கிறது. 18 வயது நிரம்பிய எவரும் தனக்காக முடிவெடுக்க உதவும் ஒருவரை, தானே, முன்கூட்டியே நியமித்துக்கொள்ளலாம். அவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், நண்பராகவும் இருக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்த்தால், இருக்கும் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அமிர்தசரஸ் கூடாரம் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர் வீட்டில், படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, ராத்திரி தூங்காமல், தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இருக்கலாம். டாக்டரிடம் வர மாட்டேன் என்று அடம் பிடிக்கலாம். வராவிட்டால் நீங்கள் முதலில் வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, கூட இருப்பவரும் பேசலாம். மறுபடியும் சொல்கிறேன், ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

நன்றி, வணக்கம்.