பாதத்திலிருந்து மூளைக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நடக்கும்போது காலில் முள் தைத்தால், வலிக்கிறது என்று நாம் உணர்வதற்கு முன்பே கால் மேலே வந்துவிடுகிறது. அந்தக் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. பாதத்தின் தோலில் கிளம்பிய செய்தி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தை அடைந்ததும், அங்குள்ள நரம்பணுக்களே காலை மடக்கும் தசைகளுக்கு ஆணையிடுகின்றன. நாம் விழுந்துவிடாமல் மறுகாலை விறைத்து ஊன்றச் செய்யும் ஆணையும் அங்கிருந்தே போகிறது. மூளை வலியை அறிவது அதற்குப் பிறகுதான்.

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகளும் உடலெங்கும் கிளைத்துப் புற நரம்பு மண்டலமாகின்றன. இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை போன்றவற்றை நம் விருப்பத்தை எதிர்பாராமல் நடத்தும் தன்னியக்க நரம்புகளும் உண்டு.

நரம்பு என்பது பல ஆயிரம் மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீட்சி. கால் கட்டைவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் இழை, இடுப்புப் பகுதியில் முதுகெலும்பையொட்டி இருக்கும் நரம்பணுவிலிருந்து விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனிகள் இழைக்குள் பாய்வதால் எழும் மின்மாற்றமே செய்தியாக நகர்கிறது. மயலின் என்னும் கொழுப்புறை தடித்திருக்கும் இழைகளில் அது நொடிக்கு 50 மீட்டருக்கு மேலும், உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலும் செல்லும். கால்விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்றும், சற்றுக் கழித்து விண்விண்ணென்றும் வலிப்பதற்கு, வலியைச் சுமக்கும் இழைகளிலும் வேகமானவை, மெதுவானவை என இருவகை இருப்பதே காரணம்.

நரம்பிழைகளின் இந்த நீளம்தான் நீரிழிவு நோயில் ஆபத்தாகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், மிக நீண்ட இழைகளே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன. அதனால் இரு பாதங்களிலும் விரல்களில் தொடங்கி உணர்வு குறைந்துகொண்டே மேலேறுகிறது. பாதம் எரிகிறது என்று வருபவர்களைவிட, எந்தத் தொந்தரவும் இல்லை என்பவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து செல்பவர்கள் இருக்கிறார்கள். நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தரையைச் சுற்றி வந்து, வீட்டில் யாரோ சொன்ன பிறகே உள்ளங்கால் கொப்புளத்தைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

வலியின்மை செய்யும் இந்தத் தீங்கைத் தொழுநோயில் தெளிவாக விளக்கியவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட். விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, உணர்விழந்த கைகால்களில் மீண்டும் மீண்டும் படும் காயமும் தொற்றுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று அவர் காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதைக் கண்டறியும் பரிசோதனை எளியது. நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து அழுத்துவார்கள். இழை வளைந்தும் தொடுகை தெரியவில்லை என்றால் பாதத்தைக் காயத்திலிருந்து காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். சில நிமிடங்களில் முடியும், வலியே இராது. நீரிழிவு உள்ளவர்கள், பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது இதை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வணக்கம்.