காரின் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுதல்: ஃபில்டரின் ஓரங்களில் கவனம் இருக்கட்டும்

(காட்சி: வீட்டு வாசலில் நிற்கும் சிறிய கார். பானட் திறந்திருக்கிறது.)

வணக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். கன அளவில் அது 9,000 லிட்டரைத் தாண்டும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் சுமார் 50 லட்சம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. இவ்வளவு காற்றும் கடந்து போவது மடிப்பு மடிப்பாக அடுக்கிய ஒரு காகிதத்தின் வழியாகத்தான். அந்த ஏர் ஃபில்டரை நாமே மாற்றும் முறையை, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள இந்தக் காரில் பார்க்கப் போகிறோம். டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது எஞ்சின் ஏர் ஃபில்டர் என்றே கேட்டு வாங்குங்கள்.

தெருப்புழுதியில் கணிசமான பங்கு மணல்துகள். மணலில் உள்ள குவார்ட்ஸ், சிலிண்டர் செய்யப் பயன்படும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது ஃபில்டரைத் தாண்டி உள்ளே போய் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிட்டால், சிலிண்டரின் உட்சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆயில் குறைவதும் புகைக்குழாயில் நீலப்புகை வருவதும் பிறகு தெரியும். அப்போது செலவு ஃபில்டருக்கான சில நூறு ரூபாயோடு நிற்பதில்லை.

ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துக் கார்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைய எஞ்சின்களில், உள்ளே வரும் காற்றின் அளவைச் சென்சார்கள் கணித்துச் சொல்ல, கணினி அதற்கேற்ற அளவு பெட்ரோலையே செலுத்துகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும், இத்தகைய பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றுவதால் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை என்றும், வேகமெடுக்கும் திறன் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்படுகிறது என்றும் காட்டியது. ஆகவே மைலேஜை எதிர்பார்த்து இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மேடேறும்போதும் லாரியை முந்தும்போதும் தெரியும் மந்தம் நீங்கும். எஞ்சினின் ஆயுள் காக்கப்படும். அதுவே போதுமான காரணம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் காரின் கையேட்டிலுள்ள பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். அதில் புழுதி நிறைந்த சாலைகளுக்கென்று குறுகிய இடைவெளி ஒன்று தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற சாலையிலோ, எம்-சாண்ட் லாரிகளின் பின்னாலோ தினமும் ஓட்டுபவர்கள் அந்தக் கணக்கையே கொள்ள வேண்டும். அதற்காக மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதும் நல்லதல்ல. காகிதத்தின் மேல் படியும் மெல்லிய புழுதியே நுண்ணிய துகள்களைத் தடுக்க உதவுகிறது என்பதால், சற்று ஓடிய ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். மேற்பரப்பு சாம்பல் நிறமாக இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மடிப்புகளின் அடிவரை அழுக்கு நிரம்பி, பின்னால் விளக்கைப் பிடித்தால் வெளிச்சமே தெரியவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது.

(காட்சி: எஞ்சின் அறையின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் தடித்த ரப்பர் ஹோஸ்.)

எஞ்சினை அணைத்து, சூடு ஆறிய பிறகு தொடங்குங்கள். இந்தப் பெட்டியின் மூடியைச் சில கார்களில் எஃகு கிளிப்புகள் பிடித்திருக்கும், சிலவற்றில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றும் திருகுகள் இருக்கும். திறப்பதற்கு முன் பெட்டியின் வெளிப்புறத்தை, முக்கியமாக மூடி சேரும் விளிம்பை, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூடியைத் தூக்கும் அந்தக் கணமே புழுதி உள்ளே உதிரும். மூடியிலோ ஹோஸிலோ சென்சாரின் ஒயர் இணைந்திருக்கலாம். மூடியை நகர்த்த அது தடையாக இருந்தால், கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்துக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

மூடியைச் சற்றே தூக்கி, பழைய ஃபில்டர் எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைச் சாய்க்காமல் நேராக வெளியே எடுங்கள். உடனே, எஞ்சினுக்குப் போகும் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். அந்தத் துணி இருக்கும்போதோ ஃபில்டர் இல்லாதபோதோ யாரும் காரை ஸ்டார்ட் செய்துவிடாதபடி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம்.

இந்த வேலையில் பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. ஃபில்டருக்கு அப்பால், அதாவது எஞ்சின் பக்கமாக உள்ள மூடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அங்கே புழுதி இருக்கவே கூடாது. துணியில் மண் நிறக் கோடு விழுந்தால், காற்று ஃபில்டரின் வழியே போகாமல் ஏதோ ஓர் ஓரத்தில் புகுந்து போயிருக்கிறது. பழைய ஃபில்டரின் விளிம்பு ரப்பரைச் சுற்றிலும் பாருங்கள். பெட்டி அதை இறுக்கமாகக் கவ்விய இடத்தில் சீரான, சுத்தமான பள்ளம் பதிந்திருக்கும். எந்த இடத்தில் அந்தப் பள்ளம் மறைந்து அழுக்குத் தடம் குறுக்கே ஓடுகிறதோ, அதுவே கசிந்த இடம். அழுக்கான ஃபில்டர் காரின் வேகத்தைத்தான் குறைக்கும். ஓரத்தில் நூலளவு இடைவெளி விட்டுப் பொருத்திய புது ஃபில்டரோ எஞ்சினையே தேய்த்துவிடும்.

பெட்டியின் அடிப்பகுதியில் காய்ந்த வேப்பிலை, செத்த பூச்சிகள், மணல் எல்லாம் கிடக்கும். வெளியே நிறுத்தும் கார்களில் எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நாரும் வேர்க்கடலைத் தோலும்கூட இருப்பதுண்டு. இவற்றை ஊதி அகற்றாமல், வேக்குவம் கிளீனரால் இழுத்தோ ஈரத்துணியால் ஒற்றியோ எடுங்கள். அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை இருந்தால் அடைப்பை நீக்குங்கள். பழைய ஃபில்டரில் ஆயில் ஊறியிருந்தால், புதியதைப் போட்டாலும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. எஞ்சினின் உட்புற வாயுவை வெளியேற்றும் அமைப்பில் கோளாறு இருக்கலாம்.

பழைய ஃபில்டரையே ஏர் அடித்துப் போடலாமா என்ற கேள்வி வரும். பஞ்சர் கடையின் காற்றழுத்தத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழும். அப்படிச் சுத்தமாக்கிய ஃபில்டர் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். கையேடு அனுமதித்தால், குறைந்த அழுத்தத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் ஊதலாம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களையும் விற்கிறார்கள். அன்றாட ஓட்டத்துக்கு அவற்றால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்து வேறு தொல்லை தரவும் கூடும்.

(காட்சி: புதிய ஃபில்டரும் பழைய ஃபில்டரும் அருகருகே.)

புதியதைப் பழையதோடு வைத்து நீளம், அகலம், உயரம், விளிம்பு ரப்பரின் தடிமன் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உயரம் சிறிது குறைந்தாலும் மூடி அதை அழுத்திப் பிடிக்காது. துளையை மூடிய துணியை எடுத்துவிட்டு, ஃபில்டரைப் பள்ளத்தில் வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் தடவி உட்கார வையுங்கள். பல பெட்டிகளின் மூடியில் பின்பக்கமாகச் சிறு கொக்கிகள் இருக்கும். முதலில் அவற்றை அடிப்பெட்டியின் துளைகளில் செருகி, பிறகே முன்பக்கத்தை இறக்க வேண்டும். கொக்கி செருகாமலேயே முன் கிளிப்புகள் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. முன்னால் எல்லாம் சரியாகத் தெரிய, பின்னால் மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். கிளிப்பைப் பூட்ட வழக்கத்துக்கு மாறாகப் பலம் தேவைப்பட்டால் அழுத்தாதீர்கள். திறந்து மறுபடி உட்கார வையுங்கள். ஹோஸைக் கழற்றியிருந்தால் அதன் கிளாம்பை முறுக்கி, சென்சார் கனெக்டரைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை தள்ளுங்கள். அதை மறந்துவிட்டால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும்.

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் நின்றன. அப்படித் தண்ணீரில் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன்பே இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்க வாய்ப்புண்டு. தண்ணீரை அழுத்த முடியாது என்பதால், சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். அந்நிலையில் ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. காரைக் கட்டி இழுத்துத்தான் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றபடி வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெட்டியின் விளிம்பைச் சுற்றிக் காற்று உறிஞ்சும் சீறல் கேட்கிறதா என்று கவனியுங்கள். தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் மூடியின் மேல் மார்க்கரால் எழுதிவிட்டு, பானட்டை மூடலாம்.